தொட்டியில் உட்கார வைத்துக் கல்லை உடைத்தவர்கள்

கிட்னியில் கல் என்று ஒருவர் வாய் திறந்துவிட்டால் போதும், சுற்றி இருக்கிற எல்லோரும் வைத்தியர்களாகிவிடுவார்கள். வாழைத்தண்டுச் சாறு என்பார் ஒருவர். சிறுபீளைக் கஷாயம் என்பார் இன்னொருவர். மூன்றாமவர் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, பீர் என்பார். தக்காளி விதை, வெற்றிலைச் சுண்ணாம்பு, போர் தண்ணீர் என்று குற்றவாளிப் பட்டியலும் தயாராக இருக்கும்.

இந்தப் பதிவு அதைப் பற்றியெல்லாம் இல்லை. ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையின் யூராலஜி டிபார்ட்மென்ட்டில் சில மருத்துவர்களும், அவர்களோடு சேர்ந்துகொண்ட சில இயற்பியல்காரர்களும், எங்கள் திருநெல்வேலிப் பக்கம் 'கோட்டிக்காரத்தனம்' என்று சொல்வோமே, அப்படி ஒரு யோசனையை வருஷக்கணக்கில் விடாமல் துரத்தின கதை. யோசனை இதுதான்: உடம்பில் கத்தி வைக்காமல், குழாய் நுழைக்காமல், வெளியே இருந்தபடியே கிட்னிக்குள் இருக்கும் கல்லை உடைப்பது.

இன்று கேட்க இது சாதாரணம். லித்தோட்ரிப்சி என்ற பலகையை நம் ஊர் ஆஸ்பத்திரி வாசல்களிலேயே பார்க்கிறோம். அதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் இவர்கள் செய்தது என்ன என்பது புரியும்.

எங்கள் பெரியப்பாவுக்கு எழுபதுகளில் கல் எடுத்தார்கள். அவர் சட்டை போடாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தால், முதுகுப் பக்கம் கடைசி விலா எலும்புக்குக் கீழே தொடங்கி, இடுப்பைச் சுற்றிச் சாய்வாக இறங்கி, கிட்டத்தட்ட தொப்புளுக்குப் பக்கத்தில் வந்து முடியும் ஒரு தழும்பு தெரியும். சின்னப் பிள்ளைகள் நாங்கள் அதை விரலால் தொட்டுப் பார்ப்போம். "வழிக்கு இடைஞ்சலா இருக்குன்னு எலும்பையும் கொஞ்சம் வெட்டி எடுத்துட்டாம்லே" என்று பெருமையாகச் சொல்வார். அது கதையில்லை. கிட்னி இருப்பது விலாக்கூட்டின் அடியில், முதுகை ஒட்டி. அங்கே கை நுழைய வேண்டுமென்றால் மூன்று அடுக்குத் தசையை வெட்ட வேண்டும். பன்னிரண்டாவது விலா எலும்பின் நுனியை எடுப்பதும் வழக்கம்தான். ஒரு கோலிக்குண்டு அளவுக் கல்லுக்கு அவ்வளவு பெரிய வாசல். அதன்பின் ஆஸ்பத்திரியில் பல நாள், வீட்டில் மாதக்கணக்கில், குனியாதே, தூக்காதே.

இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. கல் ஒருமுறை வந்தவருக்குத் திரும்ப வரும். பத்து வருஷத்துக்குள் பாதிப் பேருக்கு மறுபடியும் வருகிறது என்பது பொதுவான கணக்கு. ஏற்கெனவே வெட்டித் தைத்த கிட்னியை இரண்டாம் முறை திறப்பது எந்த சர்ஜனுக்கும் பிடிக்காத வேலை. தழும்புத் திசு எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒட்ட வைத்திருக்கும், ரத்தக்குழாய் எது, தழும்பு எது என்று பிரித்தறிவதே பாடு. மூன்றாம் முறை, நான்காம் முறை போய்க் கடைசியில் கிட்னியையே எடுக்க வேண்டி வந்தவர்கள் எத்தனையோ பேர்.

சிறுநீர்ப்பைக் கல்லுக்கு வழி முன்பே கிடைத்திருந்தது. 1824இல் பாரிஸில் ஷான் சிவியால் என்ற மருத்துவர், சிறுநீர் வரும் பாதை வழியாகவே ஒரு கருவியை நுழைத்து, பைக்குள் இருந்த கல்லைப் பிடித்து நொறுக்கி எடுத்தார். நெக்கர் மருத்துவமனையில் அவருக்கென்று ஒரு வார்டு கொடுத்தார்கள். உலகின் முதல் யூராலஜி பிரிவு அதுதான் என்று சொல்வார்கள். ஆனால் கிட்னி, பையைப் போலக் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. அது எட்டுவதற்கு இன்னும் நூற்றைம்பது வருஷம் ஆனது.

இப்போது மியூனிக்குக்கு வருவோம். ஊரின் தென்மேற்கு ஓரத்தில் கிராஸ்ஹாடர்ன் என்று ஒரு பகுதி. அங்கே லுட்விக் மாக்சிமிலியன் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனை இருக்கிறது. அலுமினியத் தகடு போர்த்திய நீளமான பெரிய கட்டடம். ஊர்க்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் 'டோஸ்டர்'. எழுபதுகளில் அங்கே யூராலஜித் துறைத் தலைவர் எக்பெர்ட் ஷ்மீட். அறுவை சிகிச்சை ஆராய்ச்சி நிலையத்தின் தலைவர் வால்டர் பிரெண்டல். இவர்களுக்குக் கீழே இரண்டு இளைஞர்கள்: ஃபெர்டினாண்ட் ஐசன்பெர்கர், கிறிஸ்டியன் ஷவுசி. 1974இல் இந்த ஆராய்ச்சி முறையாகத் தொடங்கியபோது ஷவுசிக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை.

கதை அங்கே தொடங்கவில்லை. அது தொடங்கியது ஒரு விமானக் கம்பெனியில்.

தென் ஜெர்மனியில் கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன் என்ற ஊர். ஸெப்பலின் ஆகாயக் கப்பல்களும், பன்னிரண்டு எஞ்சினோடு 1929இல் பறந்த ராட்சச டோர்னியர் பறக்கும் படகும் பிறந்தது அந்தப் பக்கம்தான். அறுபதுகளில் டோர்னியர் கம்பெனிக்கு ஒரு பிரச்சினை. ஒலியைவிட வேகமாகப் போகும் விமானம் மழைக்குள் நுழைந்தால், ஒவ்வொரு மழைத்துளியும் உலோகத்தில் ஒரு சம்மட்டி அடி. அடிபட்ட இடத்தில் மட்டுமல்லாமல் தள்ளியிருக்கும் இடத்திலும் பொருள் சிதைவதைக் கண்டார்கள். துளி மோதியதும் எழும் அதிர்வலை உலோகத்துக்குள் ஓடிப் போய் வேறிடத்தில் சேதம் செய்கிறது. அதைப் புரிந்துகொள்ள ஆய்வுக்கூடத்தில் அதிவேகக் குண்டுகளை இலக்கின் மேல் மோதவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

1966இல் ஒரு நாள், குண்டு வந்து மோதிய அதே நொடியில் ஒரு ஊழியர் அந்த இலக்கைத் தொட்டுக்கொண்டிருந்தார். ஷாக் அடித்தது போல உணர்ந்திருக்கிறார். மின்கசிவு இருக்கிறதா என்று அளந்து பார்த்தால் மின்சாரம் துளியும் இல்லை. அதிர்வலைதான் இலக்கிலிருந்து அவர் கைக்குள் புகுந்திருக்கிறது. கையில் காயம் எதுவும் இல்லை.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இது. "எலேய், அதைத் தொடாதே" என்று ஒரு அதட்டலோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். அலை உடம்புக்குள் போனது, ஆனால் ஒன்றும் செய்யவில்லை என்பதை யாரோ கவனித்து வைத்தார்கள்.

அடுத்து வந்தது ராணுவம். பீரங்கி வண்டியின் மேல் குண்டு விழும்போது, உள்ளே சுவரில் சாய்ந்திருக்கும் சிப்பாயின் நுரையீரல் என்னவாகும் என்று ஜெர்மன் பாதுகாப்பு அமைச்சகத்துக்குத் தெரிய வேண்டியிருந்தது. 1968 தொடங்கி 1971 வரை பணம் கொடுத்து விலங்குகளில் சோதித்தார்கள். கிடைத்த பதில் இரண்டு வரிதான். தசை, கொழுப்பு வழியாக அலை அதிகச் சேதமில்லாமல் கடந்து போகிறது. காற்று நிறைந்த நுரையீரலைச் சிதைக்கிறது. 1971இல் ஹாய்ஸ்லர், கீஃபர் என்ற இருவர், தண்ணீருக்குள் வைத்த கிட்னிக் கல்லைத் தொடாமல் அதிர்வலையாலேயே உடைத்துக் காட்டினார்கள். தசை வழியாகப் போகும், கல்லை உடைக்கும் என்ற இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அடுத்த கேள்வி தானாக வருகிறது. அந்தக் கேள்வியோடு டோர்னியர்காரர்கள் மியூனிக் மருத்துவர்களிடம் வந்தார்கள்.

இனி கொஞ்சம் இயற்பியல். பயப்பட வேண்டாம், பத்தாம் வகுப்புக் கணக்குதான்.

இரண்டு குண்டூசி, ஒரு நூல் வைத்து நீள்வட்டம் வரைந்திருப்பீர்கள். அந்தக் குண்டூசிகள் இருக்கும் இடங்கள் குவியங்கள். ஒரு குவியத்திலிருந்து கிளம்பும் அலை, நீள்வட்டத்தின் சுவரில் எங்கே பட்டுத் திரும்பினாலும், இன்னொரு குவியத்துக்குத்தான் வந்து சேரும். அப்படியானால் உலோகத்தில் பாதி நீள்வட்டக் கிண்ணம் ஒன்று செய்து, முதல் குவியத்தில் தண்ணீருக்கடியில் ஒரு மின்பொறியை வெடிக்கவிடலாம். இருபதாயிரம் வோல்ட் அளவில் பொறி பறந்ததும் அங்கே இருக்கிற தண்ணீர் நொடியில் ஆவியாகி விரியும், அதிர்வலை கிளம்பும். கிண்ணத்தில் பட்டுத் திரும்பி இரண்டாம் குவியத்தில் குவியும். அந்த இரண்டாம் குவியம் கிண்ணத்துக்கு வெளியே, நோயாளியின் கல் இருக்கும் இடத்தில் சரியாக விழுந்தால் வேலை முடிந்தது.

தண்ணீர் எதற்கு? உடம்பும் பெரும்பாலும் தண்ணீர்தான். தண்ணீரிலிருந்து தோலுக்குள் நுழையும்போது அலைக்கு ஊர் மாறியதே தெரியாது, நேராகப் போகும். காற்றிலிருந்து நுழைந்தால் தோலிலேயே பெரும்பங்கு திருப்பி அடிக்கப்பட்டுவிடும். கல்லின் அடர்த்தி வேறு. அலை கல்லுக்குள் புகும்போது முன்பக்கம் நசுக்குகிறது. பின்பக்கச் சுவரில் பட்டுத் திரும்பும்போது இழுக்கிறது. கல் நசுக்கலைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அங்கே விரிசல் விடுகிறது. இதுபோக, அலையின் வாலில் வரும் தாழ்ந்த அழுத்தத்தில் கல்லைச் சுற்றி நுண்குமிழிகள் தோன்றி, பொட்டென்று நொறுங்கி, கல்லின் மேற்பரப்பைக் கொத்துகின்றன. ஒரு அடியில் உடைவதில்லை. ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு அடி கொடுத்து மணலாக்குகிறார்கள். அந்த மணல் சிறுநீரோடு போய்விட வேண்டும்.

காகிதத்தில் இவ்வளவுதான். ஷவுசி கூட்டத்துக்கு இதை உடம்பில் செய்துகாட்ட ஆறு வருஷம் ஆனது. மத்திய ஆராய்ச்சி அமைச்சகம் 1974இல் பணம் கொடுக்கத் தொடங்கியது. முதல் நோயாளி தொட்டியில் இறங்கியது 1980இல். இடைப்பட்ட காலத்தில் இந்தத் திட்டத்தால் ஒரு நோயாளிக்கும் ஒரு பயனும் கிடையாது.

அந்த ஆறு வருஷம் என்ன செய்தார்கள்? முதலில் ரத்தச் செல்களில் அலையைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். சிவப்பணுக்கள் கொஞ்சம் சிதைந்தன, பயப்படும் அளவுக்கு இல்லை. அடுத்து எலிகள். வயிற்றுப் பக்கம் பாய்ச்சினால் தாங்கின, மார்பில் பாய்ச்சினால் நுரையீரல் சிதைந்தது. ராணுவத்துக்காகக் கண்ட பதிலேதான். அதன்பின் நாய்கள். இங்கேதான் உண்மையான சிரமம். நாய்க்குக் கிட்னியில் கல் வேண்டுமே? மனிதர்களிடமிருந்து எடுத்த கல்லை நாயின் கிட்னிக்குள் வைக்க வேண்டும், ஆனால் அவ்வளவு இடம் அங்கே இல்லை. ஆகவே முதலில் ஒரு ஆபரேஷன் செய்து சிறுநீர்க்குழாயைக் கட்டி, உள்ளே இடம் விரியும்வரை காத்திருந்து, இரண்டாவது ஆபரேஷனில் கல்லை வைத்தார்கள். அந்த நாய்களுக்கு என்ன கைம்மாறு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இந்த இடத்தைத் தாண்டி எழுதும்போது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

அடுத்த முட்டுக்கட்டை, கல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. குவியம் சிறியது, தவறினால் அடி கல்லின் மேல் விழாது. முதலில் அல்ட்ராசவுண்ட் வைத்துத் தேடினார்கள். அந்தக் காலத்து அல்ட்ராசவுண்டில் கல்லைத் துல்லியமாகப் பிடிக்க முடியவில்லை. சரியாகக் குறிபார்க்க முடியாமல் திட்டமே தள்ளாடியது. கடைசியில் எக்ஸ்ரேக்குப் போனார்கள். ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு எக்ஸ்ரே பார்வை, இரண்டு திரை. இரண்டிலும் கல் குறுக்குக்கோட்டின் நடுவில் வந்துவிட்டால் கல் குவியத்தில் இருக்கிறது என்று அர்த்தம். கேட்டால் எளிமையாகத்தான் இருக்கிறது.

இந்தக் கூட்டணியில் டோர்னியர் பக்கமிருந்து வந்த இயற்பியலாளரின் பெயர் பெர்ன்ட் ஃபோர்ஸ்மன். அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்கு மணி அடித்தது. தேடினால், ஆமாம், அவரேதான், வெர்னர் ஃபோர்ஸ்மனின் மகன். வெர்னர் ஃபோர்ஸ்மனைத் தெரியாதவர்களுக்கு ஒரு சின்னக் கிளைக்கதை. 1929இல் பெர்லினுக்குப் பக்கத்தில் எபர்ஸ்வால்டே ஆஸ்பத்திரியில் பயிற்சி மருத்துவராக இருந்த அவர், தன் கையில் ஒரு ரத்தக்குழாயைத் திறந்து, சிறுநீர்க்குழாயில் நுழைக்கிற மெல்லிய குழாயை அதற்குள் விட்டு, இதயம் வரை தள்ளினார். அப்படியே நடந்து எக்ஸ்ரே அறைக்குப் போய்ப் படமும் எடுத்துக்கொண்டார். மேலிடம் பாராட்டவில்லை, ஏளனம்தான் செய்தது. இதயப் பக்கம் வாய்ப்புக் கிடைக்காமல் யூராலஜிக்குப் போய், பின்னர் ஒரு சிறிய ஊரில் யூராலஜி மருத்துவராகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தவரைத் தேடி 1956இல் நோபல் பரிசு வந்தது. அவர் நாஜிக் கட்சி உறுப்பினராக இருந்தவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும், கதாநாயகனாக மட்டும் எழுதிவிட்டுப் போக மனம் வரவில்லை. யூராலஜிக் குழாயால் இதயத்தைத் தொட்டவர் தகப்பன். மகன் விமானக் கம்பெனியிலிருந்து வந்து யூராலஜிக்கே கல் உடைத்துக் கொடுத்தார்.

1980 பிப்ரவரி 7. கிராஸ்ஹாடர்னில் முதல் மனிதர். இயந்திரத்தின் பெயர் எச்.எம். 1. 'ஹியூமன் மாடல்' என்பதன் சுருக்கம், அதாவது நாய்க்கு அல்ல, மனிதருக்கு. அறை நடுவில் குளியல் தொட்டி போல ஒரு எஃகுத் தொட்டி, அதில் குமிழி வராமல் காற்று நீக்கிய வெதுவெதுப்பான தண்ணீர். மயக்க மருந்து கொடுத்த நோயாளியை ஒரு தாங்கியில் சாய்ந்து உட்கார வைத்து, கழுத்து வரை தண்ணீருக்குள் இறக்குகிறார்கள். அடியில் கிண்ணம், அதில் மின்பொறி. தாங்கியை மேலும் கீழும், இடமும் வலமும் மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்தித் திரையில் கல்லைக் குறுக்குக்கோட்டுக்குள் கொண்டுவருகிறார்கள். பிறகு அடி. ஒவ்வொரு அடிக்கும் துப்பாக்கி வெடித்தது போன்ற சத்தம். அறையில் நிற்பவர்கள் காதை அடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஒரு விஷயத்தில் இவர்களின் ஜாக்கிரதையைப் பார்த்து அசந்துபோனேன். இதயம் அடுத்த துடிப்புக்குத் தயாராகும் கட்டத்தில் அதிர்வலை வந்து விழுந்தால் துடிப்பின் தாளம் கெடலாம். ஆகவே நோயாளியின் இ.சி.ஜி.யை இயந்திரத்தோடு இணைத்தார்கள். இதயம் ஒருமுறை சுருங்கும், உடனே, அது எதற்கும் அசையாமல் இருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில், ஒரு பொறி. நிமிடத்துக்கு எழுபது துடிப்பு என்றால் எழுபது அடி, நோயாளியின் இதயமே விசையை அழுத்துகிறது. பின்னால் வந்தவர்கள் நேரத்தை மிச்சப்படுத்த இந்த இணைப்பை விட்டுவிட்டு நிமிடத்துக்கு நூற்றிருபது அடி கொடுக்க ஆரம்பித்தார்கள். ஒப்பிட்டு ஆராய்ந்தபோது தெரிந்தது, நிமிடத்துக்கு அறுபது என்று மெதுவாகக் கொடுத்தால்தான் கல் நன்றாக உடைகிறது என்று. ஒரு அடியில் தோன்றிய குமிழிகள் அடங்குவதற்குள் அடுத்த அடி வந்தால், அந்தக் குமிழிகளே அலையைத் தடுத்துவிடுகின்றன. இதயத்துக்காகச் செய்த ஏற்பாடு கல்லுக்கும் பொருத்தமாக இருந்திருக்கிறது.

அந்த டிசம்பரிலேயே லான்செட் இதழில் கட்டுரை வந்தது. 1982இல் இன்னொரு கட்டுரையில் 72 நோயாளிகளின் அனுபவத்தை எழுதினார்கள். அதே ஆண்டு கிராஸ்ஹாடர்னில் எச்.எம். 2. ஐசன்பெர்கர் ஸ்டுட்கார்ட்டுக்கு மாறினார், 1983இல் எச்.எம். 3 அங்கே நிறுவப்பட்டது. 1984 தொடக்கத்தில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் முதல் இயந்திரம், அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி. அதன்பின் உலகம் முழுக்க. முதல் நோயாளியிலிருந்து ஐந்தே வருஷத்தில், பெரியப்பாவுக்கு நடந்த மாதிரி விலாவைத் திறக்கும் ஆபரேஷன் பழங்கதையாகத் தொடங்கிவிட்டது. நியாயமாகச் சொன்னால் இந்தப் பெருமை முழுவதும் மியூனிக்குக்கு மட்டும் இல்லை. முதுகில் சின்னத் துளை போட்டுக் குழாய் வழியே கல்லெடுக்கும் முறையை 1976இல் ஸ்வீடனில் ஃபெர்ன்ஸ்ட்ரம், யோஹான்சன் இருவரும் தொடங்கியிருந்தார்கள். பெரிய கல்லுக்கு இன்றும் அதுதான் வழி.

எனக்கு இதில் ஷவுசியைவிட ஷ்மீட் மேல்தான் ஆச்சரியம். துறைத் தலைவர். அவர் கற்றுத் தேர்ந்தது கத்தி பிடிக்கும் வேலை. தன் துறையின் இளம் டாக்டர்களை ஓ.பி.யிலிருந்தும் தியேட்டரிலிருந்தும் விடுவித்து, நாய்களோடும் இயற்பியல்காரர்களோடும் வருஷக்கணக்கில் மல்லுக்கட்ட விட்டிருக்கிறார். அதுவும் எதற்கு? தன் தொழிலின் ஒரு பெரிய ஆபரேஷனையே இல்லாமல் செய்கிற வேலைக்கு. நம் பக்கத்தில் ஒரு யூராலஜி துறை பெரிய துறை என்று எப்படிச் சொல்கிறோம்? வருஷத்துக்கு எத்தனை ஆபரேஷன், எத்தனை மாற்றுக் கிட்னி, எத்தனை ரோபோ. நம் டாக்டர்களின் கைவேலைக்கு எந்தக் குறையும் இல்லை, உலகத் தரம்தான். ஓ.பி. வரிசை வராந்தா தாண்டி நிற்கும்போது ஒருவரை ஆறு வருஷம் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப எந்தத் துறைத் தலைவரால் முடியும் என்பதும் நியாயமான கேள்விதான். அனுப்பினாலும் பக்கத்து மேஜையில் உட்கார ஒரு இயற்பியல்காரருக்கு அங்கே பதவி இருக்காது.

சில வருஷத்துக்கு முன்னால் எங்கள் மாமாவுக்குக் கல் வந்தது. நடுராத்திரியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல், வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தார். ஸ்கேன் பார்த்த இளம் டாக்டர் சொன்னார்: "ஐயா, கல்லு பதினோரு மில்லிமீட்டர். மேல் பக்கமா இருக்கு. கெட்டித்தன்மை எழுநூத்திச் சொச்சம்தான். ஆயிரத்தைத் தாண்டினா அலைக்கு மசியாது, லேசர்தான் போட்டிருப்பேன். இது உடையும்."

"கத்தி வைக்காமலா?"

"கத்தியும் இல்ல, தையலும் இல்ல."

மாமாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "பாறைக்கு வெடி வச்ச மாதிரில்லா இருக்கு, மாப்ளே. உள்ள இருக்கது தெறிச்சிராதா?" என்று என் பக்கம் திரும்பினார்.

தொட்டி எதுவும் இல்லை. சாதாரண மேஜை, இடுப்புக்கு அடியில் தண்ணீர் நிரப்பிய ஒரு மெத்தை போன்ற பை, நடுவில் ஜெல். வலி மருந்து மட்டும் கொடுத்துப் படுக்க வைத்தார்கள். கதவுக்கு வெளியே எனக்குக் கேட்டதெல்லாம் டக், டக் என்று சீரான ஒரு சத்தம். சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டோம். அடுத்து வந்த நாள்களில் அத்தையின் பழைய டீ வடிகட்டிதான் கருவி. அதில் சிறுநீரை வடிகட்டி, கிடைக்கிற துணுக்குகளை ஒரு மருந்து டப்பாவில் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். பழுப்பு நிறத்தில், ரவையைவிடக் கொஞ்சம் பெரிதாக, முள்முள்ளாக. மாமா வருகிறவர்களுக்கெல்லாம் டப்பாவைத் திறந்து காட்டினார். டீ வடிகட்டியை அத்தை திரும்பச் சமையலறைக்குள் விடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எல்லோருக்கும் இப்படிச் சுமுகமாக முடிவதில்லை. உடைந்த துணுக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறுநீர்க்குழாயில் வரிசைகட்டி அடைத்துக்கொள்வது உண்டு. பெரிய கல்லென்றால் அதனால்தான் முன்கூட்டியே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை வைக்கிறார்கள். நூற்றில் ஒருவருக்கும் குறைவாக, கிட்னியைச் சுற்றி ரத்தம் கட்டுவது உண்டு. கிட்னியின் அடிப்பாகத்தில் இருக்கும் கல் உடைந்தாலும் தூள் எளிதில் மேலேறி வெளியே வராது. பிற்காலத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை வருமோ என்று 2006இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கிலிருந்து ஒரு ஆய்வு பயமுறுத்தியது, வேறு ஆய்வுகளில் அது உறுதிப்படவில்லை. கர்ப்பிணிகளுக்கும் ரத்தம் உறையாத கோளாறு உள்ளவர்களுக்கும் இந்தச் சிகிச்சை கிடையாது.

இதில் ஒரு வேடிக்கை. மாமா படுத்த மாதிரியான புது இயந்திரங்கள் எல்லாம் வசதியில் முன்னேற்றம்தான்: தொட்டி வேண்டாம், முழு மயக்கம் வேண்டாம், இடமும் குறைவு. ஆனால் கல்லை உடைப்பதில் அந்தப் பழைய எச்.எம். 3ஐ மிஞ்சிவிட்டதாக எளிதில் சொல்ல முடியாது. வலி குறைய வேண்டும் என்று குவியத்தைச் சின்னதாக்கினார்கள். சின்னக் குவியத்துக்குள் கல் நிற்பதில்லை, மூச்சு இழுத்து விடும்போதெல்லாம் கிட்னி மேலும் கீழும் போய்வருகிறது. அகலமான குவியத்தோடு தொட்டித் தண்ணீரில் உட்கார வைத்துச் செய்தபோது அந்தத் தொல்லை குறைவு. அதனால்தான் யூராலஜிக்காரர்கள் நெடுங்காலம் எந்தப் புது இயந்திரம் வந்தாலும் எச்.எம். 3ஓடுதான் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இதற்குள் வளையும் மெல்லிய எண்டோஸ்கோப்பும் ஹோல்மியம் லேசரும் வந்து, பல ஆஸ்பத்திரிகளில் அதிர்வலையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டன. ஒரே தடவையில் கல்லை முடித்துவிடலாம் என்பது லேசரின் கவர்ச்சி. மயக்க மருந்தும் ஸ்டென்ட்டும் அதன் விலை.

சாப்பாட்டு விஷயம் எழுதமாட்டேன் என்றேன், ஒன்றே ஒன்று மட்டும். கல்லில் கால்சியம் இருக்கிறது என்று பால், தயிரை நிறுத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1993இல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஹார்வர்டு குழு பல்லாயிரம் ஆண்களைத் தொடர்ந்து கவனித்தது. உணவில் கால்சியம் அதிகம் எடுத்தவர்களுக்குத்தான் கல் குறைவாக வந்தது. கல்லின் இன்னொரு மூலப்பொருளான ஆக்சலேட்டைக் கால்சியம் குடலிலேயே பிடித்து வெளியே அனுப்பிவிடுகிறது. குறைக்க வேண்டியது உப்பு. கூட்ட வேண்டியது தண்ணீர், ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்கு. எங்கள் ஊர் வெயிலுக்கு எவ்வளவு குடிக்க வேண்டியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஷவுசி பிறகு மியூனிக்கின் ஹார்லாஹிங் மருத்துவமனையில் யூராலஜித் துறைத் தலைவராகி, ஒலி அலையைக் குவிக்கும் அதே சிந்தனையைப் புராஸ்டேட் புற்றுநோய்ப் பக்கம் கொண்டுபோனார், இந்த முறை உடைப்பதற்கல்ல, சூடேற்றிக் கருக்குவதற்கு. அதிர்வலை எலும்பு டாக்டர்களிடமும் போய்ச் சேர்ந்தது. ஆறாத குதிகால் வலிக்கு இப்போது அதையும் கொடுக்கிறார்கள். சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இன்னொரு கூட்டம், பெரிய அடிக்குப் பதில் சின்னச் சின்ன ஒலி அலைகளைத் தொடராக அனுப்பிக் கல்லை உடைக்கப் பார்க்கிறது. 2022இல் வந்த முதல் முடிவுகளில் 19 நோயாளிகளின் 23 கற்கள் மேல் பத்து நிமிடம் வரை செலுத்திப் பார்த்திருக்கிறார்கள், பெரும்பாலானவை நொறுங்கின. அதே ஆய்வுக்கூடம் அல்ட்ராசவுண்டால் கல்லைத் தள்ளி நகர்த்தவும் செய்கிறது, நோயாளி விழித்திருக்கும்போதே. இதில் நாசாவுக்கும் அக்கறை உண்டு. எடையற்ற நிலையில் விண்வெளி வீரர்களின் எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து சிறுநீரில் சேர்கிறது, நடுவானில் கல் வலி வந்தால் ஓ.பி.க்கு எங்கே போவது?

மாமாவிடம் இதைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அது திருநவேலிக்கு எப்பம் வரும்?" என்றார். "உங்களுக்கு இன்னும் அஞ்சாறு வருஷம் கல்லு வராமப் பாத்துக்கிடுங்க" என்றேன். அத்தை உள்ளேயிருந்து ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து அவர் முன்னால் டங்கென்று வைத்தாள்.